அதோடை இதையும் செய்வம்

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. சித்திரைப் புத்தாண்டு மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



போன முறை இதே மேடையிலை வருமான வரியைப் பற்றி ஒருவர் நல்ல விளக்கமாகப் பேசினவர். இந்த முறை என்னைப் பேசச் சொல்லிக் கேட்டவுடனை நான் செயலாளரிட்டைச் சொன்னன், "அண்ணை, நான் ஏ.எல். மட்டும் படிச்சிட்டு இஞ்சை வந்து தொழிற்சாலையிலை தகடு அமத்திறவன். எனக்குத் தெரிஞ்சது வாகனம் ஒண்டுதான்" எண்டு. "அப்ப வாகனத்தைப் பற்றியே பேசும்" எண்டு அவர் சொல்லிப்போட்டார். அதாலை இண்டைக்கு ஒரு பிக்கப் வண்டியின்ரை கதையைச் சொல்லப்போறன். எங்களோடை இரவு வேலை செய்த ஒரு தம்பியின்ரை வண்டி அது. "பெயரைச் சொல்லாதேங்கோ, கதையைச் சொல்லுங்கோ" எண்டு அவரே அனுமதி தந்தவர்.

முதலிலை பிக்கப் எண்டால் என்னெண்டு பாப்பம். இந்த நாட்டிலை அது கமக்காரன்ரை வண்டி, மேசன்ரை வண்டி. எங்கடை ஊரிலை லாண்ட்மாஸ்ரர் செய்த வேலையை இஞ்சை பிக்கப் செய்யுது எண்டு வையுங்கோவன். போர்ட் கொம்பனி 1925 ஆம் ஆண்டு தன்ரை ரி மொடல் காரிலை பின்னுக்கு ஒரு பெட்டி பூட்டி 281 டொலருக்கு வித்தது. அதுதான் தொழிற்சாலையிலேயே பெட்டியோடை செய்து வந்த போர்ட்டின்ரை முதல் பிக்கப். 1948 இலை எவ் வரிசை எண்ட பெயரிலை வரத் தொடங்கினது இண்டைக்கும் வருகுது. நோக்கம் ஒண்டுதான், சாமான் ஏத்திறது.

ஆனால் மனிசர் சும்மா இருப்பினமே? பாரம் ஏத்திற வண்டியைப் பறக்கிற வண்டியாக்க ஆசை வந்திட்டுது. 1978 இலை டொட்ஜ் கொம்பனி லொறிக்குப் போல மேல் நோக்கின இரண்டு புகைக்குழாயோடை ஒரு சிவப்புப் பிக்கப் விட்டது. 1990 இலை செவ்ரொலே 7.4 லீற்றர் என்ஜின் போட்டு ஒண்டு விட்டது. 1991 இலை ஜி.எம்.சி. விட்ட சைக்குளோன் எண்ட சின்னப் பிக்கப்புக்கு 4.3 லீற்றர் என்ஜினும் டேர்போவும் சேர்ந்து 280 குதிரைவலு. அமெரிக்காவிலை ஒரு வாகனச் சஞ்சிகை அந்த வருஷம் அதையும் இத்தாலியின் பெராரிக் காரையும் ஒண்டாக ஓடவிட்டுப் பாத்தது. கால் மைல் ஓட்டத்திலை பிக்கப் முந்தியிட்டுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பிக்கப்பிலை ஏத்தக்கூடிய பாரம் 500 இறாத்தல் மட்டும். நாலு பேர் ஏறியிருந்தால் முடிஞ்சுது. பிறகு 2004 இலை டொட்ஜ் 500 குதிரைவலுவும், 2021 இலை ராம் 702 குதிரைவலுவும் எண்டு போய்க்கொண்டே இருக்கு. கொம்பனிக்காரரே இப்பிடி எண்டால் வீட்டுக் கராஜிலை செய்யிற பெடியளைப் பற்றிச் சொல்ல வேணுமோ?

இனி எங்கடை தம்பியின்ரை கதை. அவர் வாங்கினது 1995 ஆம் ஆண்டுச் செவ்ரொலே. விலை 3,500 டொலர். ஏன் வாங்கினவர் எண்டதைக் கவனமாகக் கேளுங்கோ. சனி ஞாயிறிலை வீடு மாறிற ஆக்களுக்குச் சாமான் ஏத்தி இறக்கி, பனிக்காலத்திலை பனி தள்ளி, அந்தக் காசிலை கிளிநொச்சியிலை இருக்கிற தங்கச்சியின்ரை படிப்பைப் பாக்கிறது எண்டு ஒரு திட்டம். நல்ல திட்டம்.

வண்டியிலை ஒரேயொரு குறை. என்ஜினுக்குப் பின்னாலை ஒரு சீல் போய் ஒயில் ஒழுகினது. சீல் 30 டொலர்தான். ஆனால் அதை மாத்த கியர் பொக்ஸைக் கழட்ட வேணும். "எப்பிடியும் கியர் பொக்ஸ் கழட்டிறன், அதோடை என்ஜினையும் இறக்கிப் பாப்பம்" எண்டார். இறக்கிப் பாத்தால் ஒரு சிலிண்டரிலை அமுக்கம் குறைவு. 3 லட்சம் கிலோமீற்றருக்கு மேலை ஓடின என்ஜின், 30 டொலருக்குப் புதுசாகுமே? "இதைத் திருத்திற காசுக்கு வேறை என்ஜின் போடலாம், அதோடை கொஞ்சம் வலுக்கூடினதாய்ப் போடுவம்." இதுதான் முதலாவது படி.

பழைய என்ஜின் 5.7 லீற்றர், கிட்டத்தட்ட 200 குதிரைவலு. 1999 இலிருந்து அதே கொம்பனியின் பிக்கப்புகளிலை 5.3 லீற்றர் என்ஜின் வந்தது. அளவிலை சின்னன், வலு 270 க்கு மேலை. பழைய வாகனம் உடைக்கிற இடங்களிலை தாராளமாகக் கிடைக்கும். தம்பி ஒண்டை வாங்கினார். இனித்தான் கதை. பழைய என்ஜினுக்குப் பெற்றோல் போறது காற்று உள்ளுக்குப் போற வாயிலை. அதுக்குச் சதுர அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இறாத்தல் அமுக்கம் போதும். புது என்ஜினிலை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பக்கத்திலை தனித்தனியாகப் பீச்சும். அதுக்கு 58 இறாத்தல் அமுக்கம் வேணும். ஆகவே தாங்கிக்குள்ளை இருக்கிற பம்ப் மாறவேணும், குழாய் மாறவேணும். பழைய கொம்பியூட்டருக்குப் புது என்ஜினின்ரை பாசை தெரியாது, ஆகவே கொம்பியூட்டரும் வயர்க் கட்டும் மாறவேணும். என்ஜின் இருக்கிற கொழுவிகள் பொருந்தாது, ஒயில் சட்டி கீழ்ச் சட்டத்திலை இடிக்கும், புகைக்குழாய் வேறை பக்கம் பாக்கும். ஒவ்வொண்டும் சின்னச் சாமான்தான். ஒவ்வொண்டுக்கும் ஒரு பில்லும் ஒரு சனிக்கிழமையும்.

இந்த நேரத்திலை எண்டாலும் நிப்பாட்டி இருக்கலாம். வண்டி ஓடத் தயார். ஆனால் கராஜுக்கு வந்து பாக்கிற சிநேகிதர் சும்மா பாத்திட்டுப் போறேல்லை. "மச்சான், இந்த என்ஜின் டேர்போவைத் தாங்கும், அதோடை அதையும் போட்டுவிடு" எண்டினம். சொல்லுறவைக்குக் காசு செலவில்லைத்தானே.

டேர்போ எண்டால் என்னெண்டு தாய்மாருக்கும் விளங்கச் சொல்லுறன். என்ஜினாலை வெளியிலை போற சூடான புகை ஒரு காற்றாடியைச் சுத்தும். அதே தண்டிலை மற்றப் பக்கத்திலை இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அமத்தி என்ஜினுக்குள்ளை திணிக்கும். சாதாரணமாக எங்களைச் சுத்தியிருக்கிற காற்றின் அமுக்கம் 14.7 இறாத்தல். அதுக்கு மேலை 7 இறாத்தல் திணிச்சால் கிட்டத்தட்ட ஒண்டரைப் பங்கு காற்று. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட வேணும், அப்ப பீச்சிற சாமான் எட்டும் பெரிசாக வேணும். காற்றை அமத்தினால் சூடாகும், அதை ஆத்த ஒரு குளிராக்கி வேணும். என்ஜினுக்குள்ளை சூடு கூடினால் பிஸ்ரன் வளையங்கள் விரிஞ்சு நுனியும் நுனியும் முட்டி பிஸ்ரனையே உடைக்கும். ஆகவே என்ஜினைத் திரும்பப் பிரிச்சு வளையத்தின் இடைவெளியைக் கூட்டவேணும். பிரிச்சார். பிரிச்சால் "அதோடை" எண்டு இன்னும் நாலு சாமான்.

இனி நடந்ததைக் கெதியாகச் சொல்லுறன். என்ஜினுக்குப் பலம் வந்தால் அதுக்கு அடுத்தது உடையும். கியர் பொக்ஸ் தாங்காது. பாரமான வண்டிகளிலை வாற பெரிய கியர் பொக்ஸ் வாங்கினார். அது நீளம், ஆகவே பின்னுக்குப் போற தண்டை வெட்டிக் குறைக்க வேணும். தண்டு பலமானால் பின் அச்சு தாங்காது, அதையும் மாத்த வேணும். பிக்கப்புக்கு முன்பக்கம்தான் பாரம், பின்பக்கம் வெறும் பெட்டி. வலு முழுக்கப் பின் சில்லுக்குப் போனால் சில்லு நிண்ட இடத்திலை சுத்தும், ஆகவே அகல ரயர் வேணும். வேகம் கூடினால் நிப்பாட்டவும் வேணும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. இது ஏ.எல். பௌதிகவியலிலை படிச்சதுதான். ஆகவே பிரேக்கும் மாறவேணும். பிரேக் குழாயைக் கழட்டப் பின்பெட்டியைத் தூக்கினால், அடிச் சட்டம் கறள் பிடிச்சுக் கையாலை குத்த மா மாதிரிக் கொட்டுது. இந்த நாட்டிலை பனிக்காலத்திலை வீதிக்குப் போடுற உப்பு வண்டிக்கு நஞ்சு. உண்மையாக அந்த வண்டிக்கு முதல் நாள் செய்திருக்க வேண்டிய வேலை இந்தச் சட்டத்தை ஒட்டுறதுதான். மற்றது எல்லாத்துக்கும் பிறகுதான் அது கண்ணிலை பட்டது.

கடைசியாக இடம் காணாமல் பெற்றோல் தாங்கியையும் பற்றரியையும் பின்பெட்டிக்குள்ளை கொண்டுபோய்ப் பூட்டினார். இப்ப யோசிச்சுப் பாருங்கோ. சாமான் ஏத்த வாங்கின வண்டி. மூண்டு வருஷமாய் நாலு கட்டையிலை நிண்டது. வீட்டுக்காரர் ஒருவர் வந்து "தம்பி, சனிக்கிழமை ஒரு சோபா ஏத்த வேணும்" எண்டு கேட்டால் ஏத்த இடமில்லை. பில்லுகளைக் கூட்டிப் பாத்தம், வாங்கின விலை நீங்கலாக 31,000 டொலர். அதிலை அரைவாசிக்கு மேலை கடன் அட்டை. தங்கச்சிக்குக் காசு போனது முதல் நாலு மாதம் மட்டும். அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் கேக்கேல்லையாம். பின்னேரத்திலை சின்னப் பிள்ளையளுக்கு ரியூசன் சொல்லிக் குடுத்துத் தன்ரை வகுப்புக் காசைத் தானே கட்டினதாம்.

நாங்கள் சின்ன வயசிலை ஒரு கதை கேட்டிருப்பம். காட்டிலை இருந்த சாமியாரின்ரை கோவணத்தை எலி கடிச்சுது. எலியைப் பிடிக்கப் பூனை வளர்த்தார். பூனைக்குப் பாலுக்குப் பசு வாங்கினார். பசுவைப் பாக்க ஆள் வேணும் எண்டு கலியாணம் முடிச்சார். ஒவ்வொரு படியும் சரியான படிதான். கூட்டிப் பாத்தால்தான் சாமியாரைக் காணேல்லை. தம்பியின்ரை பிக்கப்பிலும் அதுதான் நடந்தது. எந்தப் பில்லை எடுத்தாலும் அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பைத்தியக்காரச் செலவு எண்டு ஒண்டையும் காட்டேலாது. மொத்தத்தை மட்டும் ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லேல்லை.

எல்லா "அதோடை"யும் பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. வாகனம் திருத்திற தொழிலிலை இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. உங்கடை காரின்ரை ரைமிங் பெல்ற் மாத்தேக்கை, அதே பெல்ற் சுத்துற தண்ணிப் பம்பையும் மாத்துவம் எண்டு கராஜ்காரர் சொன்னால் அது ஏமாத்து இல்லை. கழட்டிற கூலி ஒருக்காத்தான் வரும், ஆறு மாதத்துக்குப் பிறகு பம்ப் போனால் அதே கூலியைத் திரும்பக் கட்டவேணும். இது நல்ல "அதோடை". இரண்டாவது, ஒண்டை மாத்தினதாலை கட்டாயம் மாத்தவேண்டி வாறது, அமுக்கம் கூடினால் பம்ப் மாறவேணும் எண்ட மாதிரி. இதைத் தவிர்க்கேலாது, ஆனால் தொடங்க முதலே எழுதிக் கணக்குப் பாக்கலாம். மூண்டாவது ஆசையாலை வாறது. அது எப்பவும் முதல் இரண்டின்ரை உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வரும். "இப்ப செய்யாட்டிப் பிறகு கூடச் செலவு" எண்டுதான் அதுவும் சொல்லும்.

எங்கடை ஊர் மெக்கானிக்மாரை இந்த இடத்திலை நினைக்க வேணும். 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடையிலை யாழ்ப்பாணத்திலை பெற்றோல் இல்லை. பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயிலை ஓட்டினவை. சூப்பிப் போத்திலாலை கொஞ்சம் பெற்றோல் விட்டு என்ஜினைச் சூடாக்கிப்போட்டுத்தான் மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். குளிர்ந்த என்ஜினிலை மண்ணெண்ணெய் ஆவியாகாது. அந்தப் பழைய என்ஜின்களிலை சிலிண்டர் அமுக்கம் குறைவு எண்டபடியாலைதான் அது சரிவந்தது, புது என்ஜின் எண்டால் அடிச்சு உடைஞ்சிருக்கும். பெரியாக்கள் இஞ்சை இருக்கிறியள், எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தான். அந்த மெக்கானிக்மாரிட்டை இருந்த கேள்வி ஒண்டுதான்: ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக இந்தக் கார் ஓடுமோ ஓடாதோ? ஓடினால் வேலை முடிஞ்சுது. சாமான் இல்லாத இடத்திலை முடிவு தானாக வரும். எல்லாச் சாமானும் இரண்டு நாளிலை வாசலுக்கு வாற நாட்டிலை முடிவை நாங்கள்தான் போடவேணும்.

திருக்குறளிலை வலியறிதல் எண்டு ஒரு அதிகாரம் இருக்கு. மயிலிறகு எவ்வளவு மெதுவான சாமான்? அதையே அளவுக்கு மிஞ்சி ஏத்தினால் வண்டியின்ரை அச்சு முறியும் எண்டு வள்ளுவர் அதிலை சொல்லுறார். அதே அதிகாரத்திலைதான், வாற வழி சிறுத்திருந்தாலும் போற வழி அகலாமல் இருந்தால் கெடுதலில்லை எண்டும் சொல்லுறார். வண்டி அச்சையும் வரவுசெலவையும் ஒரே இடத்திலை வைச்சதை நான் தம்பியின்ரை கராஜிலைதான் முழுக்க விளங்கிக்கொண்டன்.

இன்னுமொரு விசயம், பின்வரிசைத் தம்பிமார் இதைக் கட்டாயம் கேக்கவேணும். வண்டிக்கு வலு வந்தால் கால் சும்மா இராது. ஒன்ராறியோவிலை 80 கிலோமீற்றருக்குக் குறைஞ்ச எல்லையுள்ள வீதியிலை எல்லைக்கு மேலை 40 கிலோமீற்றர், மற்ற வீதியிலை 50 கிலோமீற்றர் கூட ஓடினால் அது சாகச ஓட்டம் எண்ட குற்றம். 2021 இலை இறுக்கின சட்டப்படி வீதியிலை வைச்சே 30 நாளைக்கு லைசென்ஸ் போகும், 14 நாளைக்கு வண்டி போகும். குற்றவாளி எண்டு தீர்ந்தால் தண்டம் 2,000 டொலரிலிருந்து தொடங்கும். புகைப் பரிசோதனை 2019 இலை நிண்டு போனாலும் புகை வடிகட்டியைக் கழட்டிறது இப்பவும் குற்றம்தான். என்ஜின் மாத்தினதைக் காப்புறுதிக்காரருக்குச் சொல்லாமல் விட்டால் விபத்து நாளிலை அவை கைவிரிக்கலாம்.

இதைவிடப் பெரியது ஒண்டு இருக்கு. ஆபத்தாக வாகனம் ஓட்டிறது குற்றவியல் சட்டத்திலை வேறை குற்றம். 2018 மார்கழியிலிருந்து அதுக்கு உச்சத் தண்டனை 10 வருஷம். குடியுரிமை எடுக்காத ஆக்களுக்கு, உச்சத் தண்டனை 10 வருஷம் உள்ள குற்றத்திலை தண்டிக்கப்பட்டால் குடிவரவுச் சட்டத்திலை அது பாரதூரமான குற்றம். உண்மையிலை கிடைச்ச தண்டனை வெறும் தண்டப்பணம் எண்டாலும் கணக்கு அதுதான். நிரந்தர வதிவிடமே கேள்விக்குறியாகும். எத்தினை வருஷம் காத்திருந்து, எத்தினை விசாரணையிலை இருந்து எடுத்த பேப்பர் அது! கால் மைல் ஓட ஆசையெண்டால் காசு கட்டி ஓடுற பந்தயத் திடல் இருக்கு, அங்கை போங்கோ. வழக்கு ஏதும் வந்தால் "தண்டத்தைக் கட்டி முடிப்பம்" எண்டு ஒத்துக்கொள்ள முதல், குடிவரவும் தெரிஞ்ச ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கோ.

தம்பியின்ரை கதை எப்பிடி முடிஞ்சுது எண்டு கேப்பியள். போன வருஷம் தங்கச்சி பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிட்டா எண்டு செய்தி வந்தது. அண்டைக்கு இரவு அவர் கராஜுக்குப் போய் சுவரிலை ஒட்டியிருந்த பட்டியலைக் கிழிச்சுப்போட்டு வேறை ஒண்டு எழுதினார். ஐஞ்சு வரிதான். சட்டம் ஒட்டிறது, பிரேக் முடிக்கிறது, தாங்கியைப் பழைய இடத்திலை பூட்டிறது, டேர்போவை விக்கிறது, வண்டியை வீதிக்கு விடுறது. டேர்போவும் அது சேர்ந்த சாமானும் வாங்கின விலையின் அரைவாசிக்குப் போனது. ஐப்பசியிலை வண்டி பரிசோதனையிலை தேறி வீதிக்கு வந்தது. இந்தப் பனிக்காலம் முழுக்கப் பனி தள்ளினது அந்த வண்டிதான். கடன் இன்னும் கிடக்கு, ஆனால் மாதாமாதம் குறையுது. தங்கச்சிக்கும் காசு போகுது.

அந்த மூண்டு வருஷமும் வீண் எண்டு நான் சொல்லமாட்டன். வெல்டிங் பழகினார், வயர் வரைபடம் வாசிக்கப் பழகினார், கொம்பியூட்டரிலை என்ஜினுக்குக் கணக்குப் போடப் பழகினார். அதைப் பாத்த ஒரு கராஜ் முதலாளி அவரைத் தொழில் பழகுநராகச் சேர்த்திருக்கிறார். இந்த மாகாணத்திலை அனுமதி இல்லாமல் வாகனம் திருத்திற தொழில் செய்யேலாது. பழகுநராய்ப் பதிஞ்சு, வேலையும் வகுப்புமாய்ச் சில வருஷம் போய், சோதினை பாஸ் பண்ண வேணும். இரவு வேலையிலை என்ரை பக்கத்து மெசினிலை இப்ப வேறை ஆள் நிக்குது. எனக்குக் கதைக்க ஆள் இல்லை, ஆனால் சந்தோசம். வாகனத்திலை விருப்பமுள்ள பிள்ளையளை உடைஞ்ச வண்டியோடை கராஜிலை மட்டும் விடாமல் இந்த வழியைப் பற்றியும் தாய் தகப்பன் யோசிக்க வேணும் எண்டு கேட்டுக்கொள்ளுறன்.

தம்பியிட்டையிருந்து நான் எடுத்துக்கொண்ட நாலு சொல்லைச் சொல்லி முடிக்கிறன். ஒண்டு, இந்த வண்டி என்ன வேலை செய்ய வேணும் எண்டு ஒரு வரியிலை எழுதிச் சுவரிலை ஒட்டுங்கோ. புதுசாக ஒரு சாமான் வாங்க முதல் அந்த வரியை வாசியுங்கோ. இரண்டு, சாமான் வாங்க முதல் வண்டியின்ரை அடிச் சட்டத்தைப் பாருங்கோ. கறள் பிடிச்ச சட்டத்திலை எந்த என்ஜினும் நிக்காது. மூண்டு, பில்லுகளைத் தனித்தனியாக வைக்காமல் மாதம் ஒருக்காக் கூட்டுங்கோ, கூட்டின தொகையை வீட்டிலை ஒராளுக்குக் காட்டுங்கோ. நாலு, ஓடக்கூடிய நிலை வந்தால் முதலிலை ஓட்டுங்கோ. மிச்சத்தை ஓடுற வண்டியிலை செய்யலாம்.

இது பிக்கப்புக்கு மட்டுமோ எண்டு பக்கத்திலை இருக்கிற அக்கா சிரிக்கிறா. பிள்ளையின்ரை சாமத்தியச் சடங்கு மண்டபத்திலை தொடங்கி வானூர்தியிலை பூப் போடுற மட்டும் போன கதையும் எங்களுக்குத் தெரியும், கீழ் அறைக்குக் கம்பளம் மாத்தப்போய் குசினி இடிச்ச கதையும் தெரியும். அதுகளை நான் சொல்லப் போனால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும். "அதோடை இதையும் சொல்லுவம்" எண்டு பேச்சையும் நீட்டக்கூடாதுதானே.

பிறக்கப்போற சித்திரைப் புத்தாண்டு எல்லாருக்கும் சுகத்தையும் கடனில்லாத நிம்மதியையும் தரவேணும் எண்டு வாழ்த்துறன்.